மதக் கட்டத்தைக் காலியாக விடலாம்

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, மதம், சாதி எழுதாத விண்ணப்பத்தை வாங்க மாட்டோம் என்று பள்ளி எழுத்தர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது தவறு. தமிழ்நாட்டில் விருப்பமில்லாத பெற்றோர் அதைக் காலியாக விடலாம், 'இல்லை' என்றும் எழுதலாம். 1973லேயே அரசாணை வந்துவிட்டது. 2000இல் மறுபடியும் ஓர் ஆணை போட்டார்கள். இரண்டையும் அச்செடுத்துத் தலைமையாசிரியர் கையிலேயே கொடுங்கள். எழுத்தரிடம் மல்லுக்கட்டி நான் அரை நாளை வீணடித்தவன். கடைசியில் பார்த்தால், என் பையனின் விண்ணப்பத்தில் அவராகவே பென்சிலால் 'இந்து' என்று எழுதி வைத்திருந்தார்! ரப்பர் வாங்கி நானே அழித்தேன். அதனால் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: சாதிச் சான்றிதழ் இல்லாமல் பின்னால் இடஒதுக்கீடு கேட்க முடியாது. அதை மட்டும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.