குறடு, திருப்புளி, டெஸ்டர்: கேளுங்கள், சொல்கிறேன்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருபத்தாறு வருடங்களாக வயரிங் வேலை செய்கிறேன். அதற்கு முன் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான்கு வருடம் எடுபிடி. இந்தத் தடவை கைக்கருவிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு ஒரே பல்லவி: “இப்போது வருகிற சாமான் ஒன்றுக்கும் உதவாது.” பார்ப்போம்.

கேள்வி (கொட்டகலை): அண்ணா, புதிதாக வாங்கிய குறடு மூன்றே மாதத்தில் வாய் போய்விட்டது. அப்பா வைத்திருந்த குறடு முப்பது வருடம் வெட்டியது. தரம் இவ்வளவு கெட்டுவிட்டதா? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டும் விளிம்பின் நடுவில் பச்சரிசி அளவில் அரை வட்டக் குழி, அதைச் சுற்றிக் கருகல். அது தேய்மானம் அல்ல. மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த இரட்டைக் கம்பியை ஒரே வெட்டில் வெட்டியிருக்கிறீர்கள். மின்சாரம் வரும் உயிர்க்கம்பியும் திரும்பிப் போகும் நொதுமல் (நியூட்ரல்) கம்பியும் குறட்டின் வாய்க்குள்ளேயே ஒன்றையொன்று தொட்டு, அந்தப் பொறியில் உருக்கு உருகி ஓடியிருக்கிறது. எந்த நாட்டுக் குறடாக இருந்தாலும் உருகும். அப்பாவின் குறடு முப்பது வருடம் இருந்ததற்குக் காரணம், அவர் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வெட்டினார்.

ஆனாலும் உங்கள் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன், தரம் விழுந்திருப்பதும் உண்மைதான். நல்ல குறடு, பழுக்கக் காய்ச்சிய உருக்கை அச்சில் அடித்துச் செய்யப்படுவது. உடல் முழுவதும் ஓரளவு கடினமாக இருக்கும். வெட்டும் விளிம்பை மட்டும் தனியாகச் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, ராக்வெல் என்ற கடின அளவுகோலில் 60 அளவுக்குக் கடினமாக்குவார்கள். உடலும் அதே அளவு கடினமாக இருந்தால் கண்ணாடிபோல உடையும். விளிம்பு மென்மையாக இருந்தால் வெண்ணெய்க் கத்திதான். மலிவுச் சாமானில் கைவைப்பது இந்தச் சூடேற்றும் வேலையில்தான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளப்பு, சிவப்புப் பிடி, அட்டைப் பெட்டி எல்லாம் அப்படியே இருக்கும்.

என் கணக்கில், மேல் வரிசைச் சாமான் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. ஜெர்மனியின் வூப்பர்டாலில் 1882 முதல் குறடு செய்யும் க்னிபெக்ஸ் போன்றவர்களின் இன்றைய வேலையை நான் எந்தப் பழைய சாமானுக்கும் மாற்ற மாட்டேன். கீழ் வரிசை பாதாளத்துக்குப் போய்விட்டது. நடு வரிசைதான் காணாமற்போனது. நம்மைப் போன்றவன் நம்பி வாங்கி, பத்து வருடம் வைத்திருக்கக்கூடிய சாமான் இருந்த வரிசை அது.

கேள்வி (மஸ்கெலியா, வேலை பழகுபவர்): கடையில் நிற்கும்போதே நல்லது கெட்டது தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் விளிம்புகள் முழு நீளத்துக்கும் ஒட்டியிருக்க வேண்டும். கீற்று வெளிச்சம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். பிறகு பிடிகளை இரு கையில் பிடித்து மேலும் கீழும் முறுக்குங்கள். ஆணி அடித்த இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. இன்று மயிரிழை ஆடுவது ஆறு மாதத்தில் ஆடிக் காற்றாக ஆடும். சட்டைப் பையில் உள்ள பஸ் டிக்கெட்டை எடுத்து வெட்டிப் பாருங்கள், நுனியிலும் அடியிலும். கிழிந்தால் வேண்டாம். முடிந்தால் சின்ன அரம் ஒன்று கொண்டுபோங்கள். விளிம்பில் மெதுவாக இழுத்தால் அரம் வழுக்க வேண்டும். கடித்துப் பொடி விழுந்தால் அது தகரம். அரத்தை எடுத்ததும் கடைக்காரர் முகம் சுளிப்பார். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

கேள்வி (பண்டாரவளை): எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: பெயரை மட்டும் பார்த்து வாங்கும் காலம் முடிந்துவிட்டது. போலிகள் பெயரைத்தான் முதலில் நகலெடுக்கின்றன. மேலே சொன்னபடி கையில் எடுத்துப் பாருங்கள். நடுத்தர விலைக்கு, 1969இல் சுவீடன் தொழில்நுட்ப உதவியோடு இந்தியாவில் செய்யத் தொடங்கிய தபாரியா என் பையில் ஒன்று இருக்கிறது; குறை சொல்ல மாட்டேன். அதற்கும் போலி உண்டு.

கேள்வி (வெலிமடை): நட்சத்திரத் திருப்புளிகளின் நுனி மொட்டையாகிக்கொண்டே இருக்கிறது. ட்ரிப் சுவிட்ச், பிரேக்கர் மாட்டும்போது வழுக்கி வழுக்கி ஸ்குரூத் தலையும் போகிறது. ‘குரோம் வனேடியம்’ (கலப்பு உருக்கு) என்று எழுதியதைத்தான் வாங்குகிறேன்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இங்கே திருப்புளிமேல் குற்றமே இருக்காது. பிரேக்கரின் ஸ்குரூத் தலையை உற்றுப் பாருங்கள். சிலுவைக் கோட்டுக்கு நடுவில், மூலைவாட்டில் மெல்லியதாக இன்னும் நான்கு கீறல் தெரிந்தால் அது பிலிப்ஸ் அல்ல, போசிடிரைவ். பிலிப்ஸ் 1930களில் அமெரிக்காவில் வந்தது. அதன் நுனி சரிவானது. முறுக்கு கூடினால் தானே மேலேறி வழுக்கும். போசிடிரைவ் பின்னால் வந்தது, பக்கச் சுவர் நேராக இருப்பதால் பிடித்துக்கொள்ளும். பிரேக்கர்களில் பெரும்பாலும் இருப்பது போசிடிரைவ் இரண்டாம் இலக்கம். நம் கடைகளில் ‘ஸ்டார்’ என்று கேட்டால் எடுத்து நீட்டுவது பிலிப்ஸ். சாவி ஒன்று, பூட்டு வேறு. இருபது தடவை வழுக்கினால் எந்த உருக்கும் மொட்டையாகும்.

வழுக்கும் திருப்புளியால் முழு இறுக்கமும் கிடைக்காது. பல பிரேக்கர்களின் பக்கவாட்டில் 2 அல்லது 2.5 நியூட்டன் மீட்டர் என்று இறுக்க அளவையே அச்சிட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை. தளர்ந்த முனை சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒருநாள் பெட்டியோடு எரியும். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் நான் கழற்றிய கருகிய பெட்டிகளில் முக்கால்வாசி இந்த வகைதான். ‘குரோம் வனேடியம்’ என்று தண்டில் எழுதுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. எழுதியவன் உள்ளே கலந்தானா என்பது வேறு கதை.

கேள்வி (நுவரெலியா): எங்கள் குளிருக்கும் மூடுபனிக்கும் கருவிகள் துருப்பிடிக்கின்றன. தேங்காயெண்ணெய் பூசுகிறேன். காலையில் குறடு திறக்கவே மறுக்கிறது.

பதில்: 24 பாகைக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும். உங்கள் ஊரில் போத்தலையே அடுப்பங்கரையில் வைத்து உருக்கித்தானே தலைக்குத் தேய்க்கிறீர்கள்? குறட்டின் மூட்டுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டு போதும். நனைந்த கருவியைத் துடைக்காமல் ரெக்சின் பையில் போட்டு மூடாதீர்கள்.

கேள்வி (நோர்வூட், ஓய்வுபெற்ற தொழிற்சாலை பிட்டர்): தம்பி, முதல் பதிலில் புதுச் சாமானுக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறீர். நான் 1968இல் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் கிடைத்த இங்கிலாந்துக் குறடு இன்றும் என் வீட்டில் இருக்கிறது. இந்தக் காலத்துச் சாமான் எதையாவது அப்படிக் காட்ட முடியுமா?

பதில்: ஐயா, உங்கள் குறட்டை வணங்குகிறேன். ஆனால் 1968இல் உங்கள் தோட்டத்து ஸ்டோரில் இருந்த மற்றக் குறடுகள் எங்கே? நல்லது தங்கியது. கெட்டது பழைய இரும்புக்காரனின் சாக்கில் போயிற்று. அன்றும் மட்டமான சாமான் இருந்தது. அது உயிரோடு இல்லாததால் நாம் அதை நினைப்பதில்லை.

இன்னொன்று. அந்தக் குறட்டை நீங்கள் வாங்கவில்லை, தோட்டம் வாங்கியது. கையெழுத்துப் போட்டு எடுத்து, மாலையில் துடைத்துத் திருப்பி வைத்தீர்கள். இன்று வேலை பழகும் பையன் தன் காசில் வாங்க வேண்டும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவன் அம்மாவின் ஒரு நாள் சம்பளம் 2021இல்தான் 1000 ரூபாயைத் தொட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. ஜெர்மனிக் குறட்டுக்கு அவர் எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும்?

இடையில் தலவாக்கலைக் கடைக்காரர் ஒருவர்: அண்ணன் கடைக்காரர்களைக் கள்வர்போல எழுதுகிறார். 2022இல் டாலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. நல்ல குறடு நான்கு வைத்தேன். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு வருடம் கிடந்தது. எடுத்துப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், வைத்துவிட்டு மலிவானதை வாங்குவார்கள். நான் என்ன செய்ய?

பதில்: நியாயம். ஒன்றை மட்டும் செய்யலாம்: மலிவானதை மலிவானது என்று சொல்லி விற்கலாம். ‘ஜப்பான் சாமான்’ என்று சொல்லி விற்கக் கூடாது. நீங்கள் அப்படிச் செய்வதாகச் சொல்லவில்லை.

பிட்டர் ஐயா மீண்டும்: தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசாங்கத்திடம் போனபோதே ஸ்டோர் வெறுமையாகத் தொடங்கியது. 1992இல் கம்பெனிகளிடம் போனபின் கருவி வாங்குவதே செலவு என்றாகிவிட்டது. சாமான் கெடுவதற்கு முன் வாங்குகிறவன் கெட்டான்.

கொட்டகலைத் தம்பி: அரசாங்கத்திடம் போனபோதாவது எங்கள் தாத்தாவுக்கு ஒரு குறடு கிடைத்தது, ஐயா. துரைமார் காலத்தில் ஸ்டோர்ப் பக்கம் போக விடுவார்களா?

பிட்டர் ஐயா: நான் போனேனே!

பதில்: இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்ணீர் நம் மலையிலிருந்துதான் இறங்கியது. ஆனாலும் எங்கள் லயனில் நான் குப்பி விளக்கில்தான் படித்தேன். யார் காலம் பொற்காலம் என்று பேசினால் விடிந்துவிடும். இருந்தாலும் ஐயா சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வேலை கொடுப்பவர் கருவி கொடுத்த காலத்தில் தரத்தைச் சரிபார்க்க ஒருவர் இருந்தார். இப்போது அந்த வேலையும் பையன் தலையில். இன்னும் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (ஹப்புத்தளை): பிடியின் பிளாஸ்டிக் கிழிந்துவிட்டது. இன்சுலேஷன் டேப் சுற்றிப் பாவிக்கலாமா?

பதில்: கூடாது. பிடியில் உள்ள பிளாஸ்டிக் உறையே பல குறடுகளில் கை வலிக்காமலிருக்கப் போட்டதுதான். மின்சாரம் பாயாதபடி காப்பிட்ட கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஈசி 60900 நியமப்படி அப்படிச் செய்யும் கருவி ஒவ்வொன்றும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்டு வெளிவரும். இரண்டு நிற அடுக்கு இருந்தால், மேல் நிறம் தேய்ந்து உள் நிறம் தெரிந்த அன்றே ஒதுக்கிவிட வேண்டும். டேப் சுற்றிய குறடு காப்பிட்ட குறடு அல்ல.

கேள்வி (பதுளை): பத்து டெஸ்டர் வாங்கினால் ஐந்து எரிவதில்லை. எரிவது நல்லது, எரியாதது கெட்டது என்று கணக்கு வைக்கலாமா?

பதில்: அந்தக் கணக்கு ஆளைக் கொல்லும். தேய்ந்த குறடு உங்கள் நேரத்தைத்தான் தின்னும். பொய் சொல்லும் டெஸ்டர் உயிரைத் தின்னும். நியோன் டெஸ்டருக்குள் சின்னக் குமிழும் ஒரு தடையும் இருக்கின்றன. மின்னோட்டம் மிகச் சிறிதளவில் உங்கள் உடல் வழியே தரைக்குப் போனால்தான் குமிழ் ஒளிரும். காய்ந்த பலகைமேல் ரப்பர் செருப்போடு நின்றால் ஒளி மங்கும். பகல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. நொதுமல் கம்பி எங்காவது அறுந்திருந்தால் விளக்கு எரியாது, ஆனால் இரண்டு கம்பியிலும் டெஸ்டர் ஒளிரும். பழகுபவன் குழம்பிப் போவான். மட்டமான சாமானில் அந்தத் தடை சரியான அளவில் இல்லையென்றால் மின்சாரம் நேரே உங்கள் விரலுக்கு வரும். அதைக் கொண்டு ஸ்குரூவும் முறுக்குகிறோம், தண்டு வளைந்து உள்ளே வெடிப்பும் விழுகிறது.

இரு முனை டெஸ்டர் ஒன்று வாங்குங்கள். மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த பிளக்கில் முதலில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடியும் அந்தப் பிளக்கில். மூன்று தடவை. சோம்பல்பட்ட இருவரை எனக்குத் தெரியும். ஒருவர்தான் இப்போது இருக்கிறார்.

கேள்வி (பொகவந்தலாவ, ஒரு தாய்): மகன் வயரிங் பழகப் போகிறான். 10,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பெட்டியோடு நாற்பது சாமான் வருகிறதாம். வாங்கலாமா தம்பி?

பதில்: வேண்டாம் அக்கா. நாற்பதில் ஐந்தைத்தான் அவன் தொடுவான், அந்த ஐந்தும் முதலில் உடையும். நடுத்தரக் குறடு ஒன்று, தட்டைத் திருப்புளி ஒன்று, போசிடிரைவ் இரண்டாம் இலக்கம் ஒன்று, இரு முனை டெஸ்டர் ஒன்று. மிச்சம் இருந்தால் வயர் உரிக்கும் கருவி. பல்லால் உரிக்கப் பழகினால் விடமாட்டான். குறட்டால் உரித்தால் உள்ளே இழை அறுந்துபோகும். பிளக்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இழை ஏழுதான், ஒன்று அறுந்தாலும் ஏழில் ஒரு பங்கு போயிற்று. கடைக்குப் போகும்போது மகனையும் கூட்டிச் செல்லுங்கள், மேலே மஸ்கெலியாத் தம்பிக்குச் சொன்னதை அவன் கையாலேயே செய்து பார்க்கட்டும். குறட்டுப் பிடி கிழிந்தால் டேப் சுற்ற வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி (லிந்துல): நல்ல பிராண்ட் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: பண்டாரவளைக்குச் சொன்னது லிந்துலவுக்கும் பொருந்தும்.

கேள்வி (எல்ல): மின்கட்டணம் திடீரென்று இரு மடங்காகிவிட்டது, ஏன்?

பதில்: குறடு பற்றி மட்டும். மீற்றர் வாசிப்பை எழுதிக்கொண்டு மின்சார அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி (கினிகத்தேன): எந்த பிராண்ட்...

பதில்: இல்லை.

பிட்டர் ஐயா, கடைசியாக: தம்பி, நீர் சொன்னபடி என் குறட்டை வாய் மூடி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நுனிப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. சாணைக் கடையில் கொடுக்கட்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா! சாணைச் சக்கரத்தில் வைத்தால் நொடியில் விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் அந்தக் கடினம் போனது போனதுதான். எண்ணெய்க் கல்லில் கையால், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். முதலில் மூட்டைப் பார்க்க வேண்டும். ஆட்டம் அங்கே இருந்தால் விளிம்பைத் தேய்த்துப் பயனில்லை. ஞாயிறு காலை கொண்டுவாருங்கள், கல் என்னிடம் இருக்கிறது.