மூன்றாவது பிளேட் போடும் முன்

கேள்வி: சேலத்தில் பந்தல், லைட், ஜெனரேட்டர் வாடகைத் தொழில் செய்கிறேன். 1.7 டன் ரக டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. பின்னால் ஒன்றரை டன் ஜெனரேட்டர் டிராலியை மாட்டிக்கொண்டு மாதம் நாலைந்து தடவை ஏற்காடு ஏற வேண்டியிருக்கிறது. கம்பெனி கிளட்ச் பிளேட் 38,000 கிலோமீட்டரில் போனது. மாற்றிப் போட்டது 22,000 கூட வரவில்லை, இப்போதே நழுவுகிறது. செராமிக் பிளேட் போட்டால் பிரச்சினையே வராது என்கிறார் மெக்கானிக். என் மச்சானிடம் இதே மாடல் வண்டி. ஒரு லட்சம் தாண்டியும் அவருக்குப் பழைய பிளேட்தான் ஓடுகிறது. செராமிக் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதை உங்கள் மச்சான் வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கிளட்சுக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது. பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டால் இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல், கியர்பாக்ஸைச் சுற்றும் பிளேட், அதை ஃபிளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாகச் சுற்றும். உரசல் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் கிளட்ச் என்றால், அந்த டிராலியோடு சேலத்திலிருந்து சென்னை வரை ஓட்டினாலும் பிளேட் தேய்வது ஊருக்குள் நின்று நின்று கிளம்பும் இடங்களில்தான். ஹைவேயில் ஒன்றும் ஆகாது. பிளேட்டைத் தின்பது அது நழுவும் விநாடிகள். உங்கள் மச்சானுக்கு மாதத்துக்கு எத்தனை நழுவல் விநாடி, உங்களுக்கு எத்தனை என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி, சாமான், டிராலி எல்லாம் சேர்த்து நாலரை டன் என்று வையுங்கள். முதல் கியரில் இன்ஜின் 1,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 1,000 சுற்று) விநாடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சம் வேகம். சமதரையில் 1,000 ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டுக் கிளம்பினால், பிளேட் முழுதாகப் பிடிப்பதற்குள் சுமார் 9 கிலோஜூல் வெப்பம் கிளட்சில் இறங்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2,000-க்கு ஏற்றிக்கொண்டு விட்டால் இரட்டிப்பாகி 18 ஆகும் என்று தோன்றும். ஆகாது, 36 ஆகும். இந்த வெப்பம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ‘பவர் பத்தாது’ என்று முறுக்கிக்கொண்டு கிளப்பும் பழக்கத்துக்கு விலை நாலு மடங்கு. இரண்டாவது கியரில் கிளப்பினாலும் இதே கதைதான், ஏறக்குறைய மூன்று மடங்கு சூடு.

இது சமதரைக் கணக்கு. மலைக்கு வாருங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில் முன்னால் ஒரு பஸ் நிற்கிறது. நீங்கள் பிரேக்கில் நிற்காமல், பெடலைப் பாதி மட்டும் விட்ட ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பின்னால் போகாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இன்ஜின் 1,000-த்தில் ஓடுகிறது. அந்த நேரத்தில் கிளட்சில் உண்டாகும் வெப்பம் கிட்டத்தட்ட 9 கிலோவாட். வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோவாட். ஒன்பது அயர்ன் பாக்ஸை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள பிளேட்டின் மேல் வைத்தால் எப்படி இருக்கும்! இப்படி நிற்கும் ஒவ்வொரு விநாடியும் சமதரையில் ஒரு தடவை கிளம்பியதற்குச் சமம். பஸ் நகர இருபது விநாடி ஆனால், நின்ற இடத்திலேயே இருபது தடவை கிளம்பிவிட்டீர்கள்.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மே மாதம் கோடை விழா சமயத்தில் ஒவ்வொரு வளைவிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த 22,000-த்தில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, செராமிக்குக்கு வருவோம். செராமிக் பட்டன் பிளேட் அதிகச் சூட்டைத் தாங்கும் என்பது உண்மை. கனரக லாரிகளிலும் டிராக்டர்களிலும் அதைப் போடுவதற்கும் காரணம் அதுதான். ஆனால் அது பிடிக்கும் விதம் வேறு. சாதாரண பிளேட் மெல்ல வழுக்கிப் பிடிக்கும். செராமிக், விட்டால் விட்டது, பிடித்தால் பிடித்தது. அந்த உதறல் கியர்பாக்ஸுக்கும் பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டுக்கும், பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்துக்கும் போகும். டிராலி கொக்கிக்கும் போகும். பிளேட்டில் மிச்சம் பிடித்த காசை எடுத்துக் கிரவுன் பினியனுக்குக் கொடுப்பீர்கள். பிரஷரை மட்டும் கூட்டிய ஹெவி டூட்டி செட்டும் அப்படித்தான். முழுதாகப் பிடித்த பிறகு நழுவாமல் இருக்க அது உதவும். ஹாஃப் கிளட்சில் வரும் சூட்டை அது குறைக்காது. பெடல் கனமாகும், மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும்.

இழுவைக்கே பேர் போன அமெரிக்க பிக்கப்களில்கூட இந்தச் சிக்கல் உண்டு. ராம் கம்பெனியின் 2018 மாடலில், ஒரே கம்மின்ஸ் டீசல் இன்ஜினுக்கு ஆட்டோமேட்டிக்கில் டார்க் (சுழற்றும் திறன்) 900 பவுண்டு-அடிக்கு மேல் கொடுத்தார்கள். கையால் கியர் மாற்றும் வண்டிக்கு 660-தான். அந்த மாடலோடு மேனுவலையே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோமேட்டிக்கில் நழுவல் ஆயிலுக்குள் நடக்கிறது. சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோக அந்த ஆயிலே இருக்கிறது. உங்கள் கிளட்சுக்கு ஆயிலும் இல்லை, தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. இதைப் படித்த பிறகும் யாராவது பவர் கூட்டும் சிப் போடச் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது பிளேட் முதலாவதைவிடச் சீக்கிரம் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. ஓட்டும் விதம் மாறவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. போன தடவை பிளேட் மட்டும் மாற்றினார்களா, பிரஷர் பிளேட்டும் சேர்த்து மாற்றினார்களா என்று கேளுங்கள். சூட்டில் தளர்ந்த பழைய பிரஷர் பிளேட்டோடு புதுப் பிளேட்டைப் போட்டால் அது முதல் நாளே பாதித் தோல்வி. ஃபிளைவீலில் நீலம் பாரித்த திட்டுகளோ மயிரிழை விரிசலோ இருந்ததா, லேத்தில் கொடுத்து முகம் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். கியர்பாக்ஸை இறக்கும்போது கட்டாயம் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் ஈரமாக ஆயில் கண்டால் கிராங்க் பின் சீலோ கியர்பாக்ஸ் முன் சீலோ கசிகிறது. ஆயில் பட்ட பிளேட்டை யார் ஓட்டினாலும் நழுவும். அதைச் சரி செய்யாமல் தங்கத்தில் பிளேட் போட்டாலும் நிற்காது. பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் கொஞ்சம் சும்மா அசையும் இடம், இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கால் வைக்காமலேயே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும். டிராலியையும் விட்டுவிடாதீர்கள். ஓடி நின்றதும் அதன் ஹப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த இழுவையும் உங்கள் கிளட்ச் தலையில்தான்.

அப்புறம் ஓட்டுவது. சரிவில் நின்றால் ஹேண்ட் பிரேக், நியூட்ரல், பெடலில் கால் இல்லை. கிளம்பும்போது முதல் கியர், பிளேட் கடிப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுவது. ஹேண்ட் பிரேக் அந்த எடையைத் தாங்கவில்லை என்றால் அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். பழைய லாரிகளில் மலை ஏறும்போது கிளீனர் கையில் எப்போதும் ஒரு கட்டை இருக்கும். வண்டி நின்றதும் குதித்துப் பின் சக்கரத்துக்கு அடியில் போடுவார். கூட வரும் பையனிடம் அப்படி ஒரு கட்டை கொடுத்து வையுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். பாதி வளைவில் இரண்டாவது கியர் திணறும்போது கிளட்சை லேசாக அழுத்திச் சமாளிப்பது பல டிரைவர்களுக்குக் கையோடு வந்த பழக்கம். பிளேட்டின் ஆயுள் அங்கேதான் கரைகிறது. வளைவின் உள் ஓரம் வெளி ஓரத்தைவிடச் செங்குத்து. எதிரே வண்டி இல்லை என்றால் கொஞ்சம் அகலமாக எடுங்கள். வரிசையில் நிற்கும்போது முன் வண்டியோடு ஒட்டி ஒட்டி நகராதீர்கள். நாலு வண்டி நீளத்துக்கு இடம் விழட்டும், ஒரே தடவையாகக் கிளம்பிப் போங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்களுக்குப் பிளேட் வாங்கித் தரப் போவதில்லை. முடிந்தால் விடியற்காலை நாலு மணிக்கே ஏறிவிடுங்கள்.

டிராலியோடு ரிவர்ஸ் எடுப்பது மலையைவிட மோசம். மண்டபத்து வாசலில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளும்போது வண்டி முழுக்க முழுக்க ஹாஃப் கிளட்சிலேயே இருக்கிறது. கடைசிப் பத்தடி சமமாக இருந்தால் டிராலியைக் கழற்றி, ஆட்களை வைத்துத் தள்ளிவிடுங்கள். பந்தல் வேலைக்கு வந்தவர்கள் எப்படியும் அங்கே இருப்பார்கள்.

கருகிய வாடை வந்தால் அது பிளேட்டில் இருக்கும் ரெசின் வேகும் வாடை. அப்போது ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, பெடலை விட்டுவிட்டு இன்ஜினை ஐடிலில் ஒரு இருபது நிமிடம் ஓட விடுங்கள். சுற்றும் ஃபிளைவீலே உள்ளே கொஞ்சம் காற்றைக் கிளப்பும். மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்னொரு தடவை முயன்று பார்ப்போம் என்று உடனே கிளப்பவும் வேண்டாம்.

இறக்கத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. வேகம் பிடித்த பிறகு கிளட்சை மிதித்துக்கொண்டு முதல் கியரைத் திணிக்காதீர்கள். பெடல் உள்ளே இருந்தாலும் சக்கரம் பிளேட்டை இன்ஜினைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றும். லைனிங் பிய்ந்து தெறித்த பெல் ஹவுசிங்குகளை நான் பார்த்திருக்கிறேன். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், டிராலிக்குத் தனி பிரேக் இல்லை என்றால் இன்னும் மெதுவாக.

ஆக, இந்தத் தடவை கம்பெனி செட்டாகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் போடுங்கள், ஃபிளைவீலை லேத்துக்கு அனுப்புங்கள், கசிவு இருந்தால் சீலை மாற்றுங்கள். புதுப் பிளேட் முகம் சேர்ந்து படிவதற்கு ஐந்நூறு கிலோமீட்டராவது டிராலி இல்லாமல் ஓட வேண்டும். அதற்குள் ஏற்காடு ஆர்டர் வந்தால் மச்சானைக் கூப்பிட்டு டிராலியை அவர் வண்டியில் மாட்டிவிடுங்கள். ஒரு லட்சம் ஓட்டிய பிளேட்டின் ரகசியமும் அன்றைக்குத் தெரிந்துவிடும்.