கண்ணாடியை மூடுவதற்கு முன் கேட்ட அனுமதி

கடிதம்:

வணக்கம். சாராகடி போரைப் பற்றி அண்மையில்தான் படித்தேன். 21 சீக்கியர்கள் பத்தாயிரம் பட்டாணியரை எதிர்த்து நின்று மடிந்திருக்கிறார்கள். இப்படி ஒரு வீரம் உலகில் வேறெங்காவது உண்டா? நம் பாடநூல்களில் இதை ஏன் சேர்க்கவில்லை? சீக்கியருக்கும் முஸ்லிம்களுக்கும் இருந்த பழைய பகையின் தொடர்ச்சிதானே இது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, அவர் தந்தி அடித்துப் பழகிய பித்தளைக் கட்டை கிடைத்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, சாராகடியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த சிப்பாய் குர்முக் சிங்கை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

பாடநூலில் சேர்ப்பதும் சேர்க்காததும் என் கையில் இல்லை. உலகில் இணை உண்டா என்ற பேச்சும் வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் கோபத்தைக் கிளப்பியது. எந்த அவசரத்தில் அதை எழுதினீர்கள்? 1897 செப்டம்பர் 12 அன்று இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் உள்ள சமானா மலைமுகட்டில் இருந்த 36ஆம் சீக்கியப் படை, பிரிட்டிஷ் ராணுவத்தின் படை. அங்கே கோட்டைகளைக் கட்டியதும், 1893இல் ஆப்கானிஸ்தானைப் பிரிக்கும் டூரண்டு எல்லைக்கோட்டைப் போட்டதும் வெள்ளை அரசு. பட்டாணியப் பழங்குடிகளான ஒரக்சாய்களும் அப்ரிதிகளும் தங்கள் மலை பறிபோகிறது என்று எழுந்தார்கள். முல்லாக்கள் மதத்தின் பெயரால் அழைத்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அழைப்பு செல்லுபடியானது மண்ணுக்காக. சீக்கிய அரசர் ரஞ்சித் சிங் காலத்து நௌஷேரா, ஜம்ரூட் போர்களைக் கொண்டுவந்து இதில் கலக்காதீர்கள். இன்னொன்று, அன்று அங்கே இறந்தது 21 பேர் மட்டும் இல்லை. தாத் என்ற பணியாளரும் இறந்தார். 21 பேருக்கும் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற வீர விருது கொடுத்த பட்டியலில் அவர் பெயர் கிடையாது. உங்கள் கடிதத்திலும் கிடையாது.

சரி, குர்முக் சிங்குக்கு வருகிறேன்.

லாக்ஹார்ட் கோட்டையிலிருந்து பார்த்தால் குலிஸ்தான் கோட்டை தெரியாது. அதனால்தான் நடுவில் சாராகடி மேட்டில் ஒரு சிறு சாவடி. ஹீலியோகிராஃப் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, அதைச் சிமிட்டி, மோர்ஸ் குறிகளில் செய்தி போகும். காலை ஒன்பது மணி வாக்கில் தாக்குதல் தொடங்கியது. ஹவில்தார் ஈசர் சிங்கும் மற்றவர்களும் சுட்டுக்கொண்டிருக்க, சிப்பாய் குர்முக் சிங் கண்ணாடியை விட்டு நகரவில்லை. யார் விழுந்தார்கள், தோட்டா எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாக அனுப்பினார். லாக்ஹார்ட்டில் கர்னல் ஹாட்டன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார், உதவிக்கு ஆள் அனுப்பப் பார்த்தார், முடியவில்லை. சுவர் உடைந்து எதிரிகள் உள்ளே வந்தபோது குர்முக் சிங் கேட்டது ஒன்றுதான்: கண்ணாடியை மூடிவிட்டுத் துப்பாக்கியை எடுக்கலாமா?

நண்பரே, எத்தனை பேரைக் கொன்றார்கள் என்ற கணக்கைக் கொஞ்ச நேரம் விடுங்கள். இந்தக் கேள்வியை மட்டும் யோசித்துப் பாருங்கள். கேட்காமல் துப்பாக்கியைத் தூக்கியிருந்தால் அவரை யார் குறை சொல்லியிருப்பார்கள்? கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். வந்த பிறகுதான் கருவியை மூடினார்.

இது எனக்குப் புரிவதற்குக் காரணம் அப்பா. "எதிர்முனையில ஒருத்தன் காதை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். சொல்லாம எழுந்து போகக்கூடாது" என்பார். ஊரில் எந்த வீட்டுக்குச் சாவுத் தந்தி வந்தாலும் அந்த வீட்டுக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். தாத்தா இறந்த செய்தியை வாங்கியதும் அவரேதான். தந்திக் கருவியின் கட்டுக்கட சத்தத்தில் எழுத்து எழுத்தாகக் கேட்டு, தன் கையாலேயே எழுதினார். வாங்கிவிட்டேன் என்று அடித்தார். மாற்று ஆள் வர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை மற்றவர்களின் தந்திகளை வாங்கிக்கொண்டிருந்தார். எழும்போது, ஆள் மாறுகிறது என்று எதிர்முனைக்குச் சொன்னார். பெயரைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்ட அந்த முனைக்காரர் பதிலுக்கு ஏதோ அடித்தாராம்.

என்ன அடித்தார் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பா கடைசிவரை சொல்லவில்லை.