“ம்” போட்டுக்கொண்டிருப்பவருக்கு

கேள்வி: எனக்கு வயது 46. யாரையும் ஏமாற்றியதில்லை, லஞ்சம் தொட்டதில்லை. வரியை ஒழுங்காகக் கட்டுகிறேன். ரத்த தானம் செய்கிறேன். தனியாக இருக்கும் அம்மாவுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அவர் போன் செய்வார். சொன்னதையே சொல்வார் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, நடுநடுவே “ம்” சொல்லிக்கொண்டே அலுவலக வேலையை முடித்துவிடுவேன். சில நாள் “லைனில் இருக்கிறாயா?” என்பார். “இருக்கிறேன், சொல்லுங்கள்” என்பேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் நேரம் மிச்சம். இவ்வளவு இருந்தும், கடனாளியான என் தம்பியைத்தான் உறவினர்கள் கொண்டாடுகிறார்கள். போன வாரம் என் மகள், “நீங்கள் நேர்மையானவர் அப்பா, ஆனால் நல்லவர் என்று சொல்லத் தோன்றவில்லை” என்றாள். நல்ல மனிதனாக வாழ இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்: இப்படிக் கடிதங்கள் எனக்கு வருடக்கணக்காக வருகின்றன. செய்யாத தப்புகளை வரிசையாக எழுதி, கடைசியில் மதிப்பெண் கேட்பார்கள். நான் போடுவதில்லை. திருடாமல் இருப்பதற்கும் ஏமாற்றாமல் இருப்பதற்கும் பாராட்டு எதற்கு? அது எல்லோரும் இருக்க வேண்டிய இருப்பு.

தம்பியை விடுங்கள். அவர் கடனை அவர் அடைக்கட்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒன்பது மணிக்கு வருகிறேன்.

“அவருக்கும் திருப்தி” என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? உங்கள் அழுகையை வைத்தே அது பசியா வயிற்றுவலியா என்று பிரித்தறிந்தவர் அவர். ஸ்பீக்கரில் போட்டால் குரல் எட்டிப்போவதும், கம்ப்யூட்டரில் விரல் தட்டுவதும் அவர் காதில் விழாதா? விழுந்ததால்தான் “லைனில் இருக்கிறாயா?” என்று கேட்கிறார். தெரிந்தும் மறுநாள் ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறார். உங்களைக் குற்றம் சொல்லாமல் காப்பாற்றிவருகிறார் ஐயா அந்த அம்மா! அதைத் திருப்தி என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

உங்கள் மேலதிகாரி ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னால் போனை மேசைமேல் வைப்பீர்களா? மாட்டீர்கள். அவரால் உங்களுக்கு ஆக வேண்டியது இருக்கிறது. அம்மாவால் இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நம்மை ஒன்றும் செய்ய முடியாதவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை வைத்துத்தான் நான் மனிதரை எடைபோடுவேன். பணம் அனுப்புவது கடமையில் சுலபமான பாதி. அதை வங்கியே மாதாமாதம் தானாகச் செய்துவிடும்.

“நேரம் மிச்சம்” என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் மதபோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 1973இல் வெளியிட்டார்கள். அடுத்த கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று மாணவர்களை அனுப்பினார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியனின் கதை. போகும் வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி, முனகிக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல் போனவர்களில் நூற்றுக்கு 63 பேர் வீதம் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் நின்றது 10 சதவீதம்தான். பேசப்போன தலைப்பு பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. நீங்களும் இல்லை. ஆனால் மிச்சம்பிடித்த அந்த அரை மணி நேரத்தை யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

என் தந்தையும் சொன்னதையே சொல்வார். ஒருநாள், “இதை ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் அப்பா” என்று வெடுக்கென்று சொன்னேன். “அப்படியா” என்றார். அதன்பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை. அவர் போய்ப் பல வருடங்களாகின்றன. அந்தக் கதையின் முடிவு எனக்கு இன்று சரியாக நினைவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

இப்போது உங்கள் மகள். இரவு ஒன்பது மணிக்கு அவள் எங்கே இருக்கிறாள்? அதே வீட்டில்தானே? பாட்டியின் குரல் மேசையில் காகிதங்களுக்கு நடுவே கிடப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். உங்கள் “ம்”மையும் கேட்கிறாள். அவள் சொன்னது பொல்லாத வார்த்தை இல்லை. கண்ணால் கண்டதைச் சொன்னாள். அவளிடம் கோபப்பட்டிருந்தால் இன்றைக்கே போய் வருத்தம் தெரிவியுங்கள்.

இன்றிரவு கம்ப்யூட்டரை மூடிவிட்டு, போனைக் காதில் வையுங்கள். ஒன்பது மணி வரை காத்திருக்காமல் நீங்களே கூப்பிடுங்கள். அம்மா பழைய கதை ஒன்றை ஆரம்பிப்பார். அன்றைக்கு நீங்கள் எத்தனை வயதுப் பிள்ளை, யார் உங்களைத் தூக்கி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். இத்தனை முறை கேட்ட கதையில் அது உங்களுக்குத் தெரியுமா?