‘வாயில் என்ன கொழுக்கட்டையா?’ என்று எப்போது சொல்வார்கள், அதன் பொருள் என்ன?

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நிற்பவரைப் பார்த்துச் சொல்வது. “இவ்வளவு நேரமா கேக்கேன், வாயில என்ன கொழுக்கட்டையா?” பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கிறாயே என்ற கண்டிப்பு அதில் உண்டு.

ஏன் கொழுக்கட்டை? பிள்ளையார் சதுர்த்தி அன்று, இட்லிப் பானையிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒன்றை முழுசாக வாயில் போட்டுப் பாருங்கள். மாவு மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். உள்ளிருந்து வெல்லப் பூரணம் கொதிக்கக் கொதிக்க வழியும். துப்ப மனசு வராது, விழுங்கவும் முடியாது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ‘ம்ம்’ என்பதற்கு மேல் ஒன்றும் வராது. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் பேச்சு வளரும் என்பார்கள். கொழுக்கட்டை அதற்கு நேர்மாறு, பேச்சை அடைத்துவிடும்.

இதைக் ‘கல்லுளிமங்கன்’ என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது என்ன கேட்டாலும் வாய் திறக்காமல் சாதிக்கிற அழுத்தக்காரனைச் சொல்வது, ஒருவரின் குணம். கொழுக்கட்டை அந்த நேரத்து மௌனத்தை மட்டும் சொல்கிறது. பிள்ளைகளிடம், தம்பி தங்கையிடம், நெருங்கிய சிநேகிதரிடம் சொல்லலாம். பெரியவர்களிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. அரசியல் மேடையில், “அன்றைக்கு அவ்வளவு பேசியவர்களுக்கு இன்றைக்கு வாயில் கொழுக்கட்டையா?” என்று எதிர்க்கட்சியைக் கேட்பதும் உண்டு.

நான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். அந்த ‘உ’ தொண்டையிலேயே நின்றுவிடும். ஒருநாள் ஆசிரியர் நிமிர்ந்து பார்த்து, “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றார். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அந்த வருஷம் முழுக்க நான் கையை மட்டும்தான் தூக்கினேன். பேசாமல் இருப்பவரும் பேச முடியாமல் நிற்பவரும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும் முன் அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

என் ஆச்சியும் இதையேதான் சொல்வாள். “வாயில என்னல, கொழுக்கட்டையா?” சொல்லிவிட்டு, எனக்கு வார்த்தை வந்து சேரும்வரை முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருப்பாள்.