அடிபட்ட புறா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தோட்டத்துச் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் ‘ஞாயிற்றுக்கிழமை புறாக்கறி’ என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். துப்பாக்கியால் புறா சுட்டுக்கொண்டு வருவார் என்று அப்பா சொல்வார். இப்போது இருவருமே இல்லை. நான் ஷா ஆலமில் இருக்கிறேன். மகனுக்கு 12 வயது. இங்கிலாந்துக்காரர்கள் காட்டுப்புறாவைச் சுட்டுச் சமைக்கும் காணொளிகளை இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். ஒரு ஏர் கன் வாங்கி, பள்ளி விடுமுறையில் அவனைத் தாத்தாவின் தோட்டத்துக்கு அழைத்துப்போக ஆசை. எப்படிப் பிடிப்பது, வேதனை இல்லாமல் எப்படிக் கொல்வது, எப்படிச் சுத்தம் செய்து சமைப்பது என்று எழுத முடியுமா? மனைவி இதெல்லாம் பாவம் என்கிறாள். பாவமா ஐயா?

அன்புடன்,
ஷா ஆலம் வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஏர் கன் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஏர் கன்னும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். புறாவுக்கும் சட்டம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தீபகற்பம் முழுவதற்கும் பொருந்தும். எந்தப் பறவைக்கு உரிமம் வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அதில் பட்டியல் உண்டு. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்துக்குப் போய் விசாரிக்காமல் யாரும் காட்டுப்பறவைமேல் கைவைக்கக் கூடாது. சுங்கை சிப்புட்டிலிருந்து மேலே, ஆற்றோரமாகப் போனால் தெமியார் என்னும் பூர்வகுடி மக்களின் ஊர்கள் வரும். அவர்களைப் போன்ற ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் தங்கள் சாப்பாட்டுக்காக வேட்டையாட அதே சட்டம் பத்து உயிரினங்களை மட்டும் அனுமதிக்கிறது. அந்தப் பத்தில் மரகதப்புறாவும் ஒன்று, மலாயில் அதை ‘புனாய் தானா’ என்பார்கள். அது அவர்களுடைய உரிமை. ஷா ஆலமிலிருந்து கார் எடுத்து வரும் நமக்கு அது இல்லை.

தாத்தாவின் துப்பாக்கிக்கு வருகிறேன். அப்பா சொன்னதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எனக்குச் சந்தேகம்தான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் அனுமதியில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் தூக்கு. வேலைக்காட்டுக்குச் சோற்றுப்பொட்டலம் கொண்டுபோவதற்குக்கூடத் தடை இருந்தது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்விடும் என்று. அப்படிப்பட்ட ஊரில் பால்மரம் வெட்டுகிறவர் கையில் துப்பாக்கி ஏது? துப்பாக்கி துரையிடம் இருந்தது, காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளிடம் இருந்தது. நம் ஆட்களிடம் இருந்தவை உண்டிவில்லும் கண்ணியும். மரப்பாலைக் காய்ச்சிக் குச்சியில் தடவிக் கிளையில் செருகிவைப்பார்கள், பறவை வந்து உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளைக்குச் சொல்லும்போது உண்டிவில் துப்பாக்கியாக மாறிப்போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

உண்டிவில்லை நாங்கள் லாஸ்டிக் என்போம். கொய்யாக் கவை, சைக்கிள் டியூப், பழைய சப்பாத்தின் நாக்கை வெட்டி எடுத்த தோல். களிமண் உருண்டையை வெயிலில் காயவைத்து நிக்கர் பையில் போட்டுக்கொள்வோம். ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு, நாலு மணி வாக்கில் பெரியப்பா கிளம்புவார். பின்னாலேயே நானும் போவேன். ஆற்றோரத்தில் ஓர் அத்திமரம் இருந்தது. பழம் பழுத்தால் பச்சைப்புறாக் கூட்டம் இறங்கும். இலையும் பச்சை, பறவையும் பச்சை. கீழே நின்று பார்த்தால் மரம் தானாக அசைவது போலிருக்கும். ஒன்று இடம் மாறி உட்காரும்போதுதான் அது பறவை என்று தெரியும். ஆணுக்குக் கழுத்து ரோஜா நிறம், நெஞ்சில் ஆரஞ்சுப் பட்டை.

எனக்குப் பதினொரு வயது. நான் அடித்த உருண்டை ஒரு புறாவின் இறக்கையில் பட்டது. பறவை செத்து விழவில்லை. சாய்ந்து சாய்ந்து பறந்து, அந்தப் பக்கம் லாலான் புல்லுக்குள் இறங்கிவிட்டது. ‘பட்டிருச்சு பெரியப்பா’ என்று குதித்தேன். அவர் லாஸ்டிக்கைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். ‘போய்த் தேடு’ என்றார்.

லாலான் என் தலைக்குமேல் இருந்தது. ஓரமெல்லாம் கையை அறுத்தது. அரைமணி நேரம் தேடிவிட்டுக் காணோம் என்று வந்தேன். மறுபடியும் ‘தேடு’ என்றார். அவரும் எதிர்ப்பக்கமிருந்து புல்லை விலக்கிக்கொண்டே வந்தார். மரத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு புறா உட்கார்ந்திருந்தது. அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு புல்தூரின் அடியில் கண்டுபிடித்தோம். ஓர் இறக்கை தரையில் விரிந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்து திறந்து மூடியது. கண்ணில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். அந்தக் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா அதை எடுத்த விதத்தைச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து இடது உள்ளங்கைக்குள் அடக்கினார். அடங்கியதும் பறவையின் துடிப்பு குறைந்தது. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மண்டைக்குப் பின்னால், கழுத்து தொடங்கும் இடத்தில். கட்டைவிரல் அலகுக்குக் கீழே. ஒரே இழுப்பு. இழுக்கும்போதே தலையைப் பின்பக்கமாக மடக்கினார். அவ்வளவுதான். மண்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருப்பதை என் விரலைப் பிடித்துத் தொட்டுக்காட்டினார். எலும்பு விலகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ரொம்பப் பலமாக இழுத்தால் தலையே கையோடு வந்துவிடும், சின்னப் பறவை. பயந்துபோய் மெதுவாக இழுப்பதோ அதைவிட மோசம், பறவை உயிரோடு துடிக்கும். தயங்குகிற கை இந்த வேலைக்கு ஆகாது.

அப்புறமும் இறக்கை படபடவென்று அடித்துக்கொண்டது. நான் அழுதுவிட்டேன். அது நரம்பின் துடிப்பு, பறவைக்குத் தெரியாது என்றார். விரல் நுனியால் கண்மணியைத் தொட்டுக் காட்டினார். இமைக்கவில்லை. இமைக்காமலும் மூச்சு இல்லாமலும் இருந்தால் முடிந்தது. இமைத்தால் முடியவில்லை, உடனே இன்னொரு முறை செய்ய வேண்டும். பல வருஷம் கழித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். தாங்களும் கண்ணைத் தொட்டுத்தான் பார்ப்போம் என்றார். பெரியப்பா பள்ளிக்கூடம் போனதில்லை.

பாவமா என்று கேட்டிருந்தீர்கள். பசாரில் கோழி வாங்கித் தின்கிற நான், புறா தின்றால் பாவம் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று அந்தப் புறாவை நாங்கள் தேடாமல் வந்திருந்தால் அது ராத்திரி முழுக்கக் கிடந்து, எறும்பு மொய்த்து, விடிந்தும் சாகாமல் இருந்திருக்கும். நான் அதற்கு முன்னால் அடித்த பறவைகளில் ‘பட்டுச்சு, ஆனா பறந்துருச்சு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவை எத்தனை என்று அன்று இரவுதான் எண்ணிப் பார்த்தேன். ஏழு வரைக்கும் நினைவு வந்தது. அது பாவம் தம்பி. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். லாஸ்டிக் புறாவுக்கு ஏற்ற கருவியே இல்லை. பத்தில் ஒன்று தலையில் படும், மற்றது இறக்கையை ஒடிக்கும். உங்கள் மகன் கையில் அதைக்கூடக் கொடுக்காதீர்கள்.

பெரியப்பாவுக்கு வேறு சில கட்டுப்பாடுகளும் இருந்தன. ஜோடியாகத் தனித்து உட்கார்ந்திருப்பதை அடிக்கமாட்டார். அலகில் சுள்ளி வைத்திருக்கும் புறாவை அடிக்கமாட்டார். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும் இனம் அது. பெரும்பாலும் இரண்டே முட்டை. குஞ்சுக்குத் தொண்டைப்பையில் ஊறும் பாலைத்தான் இரண்டும் ஊட்டும். ஒன்றை அடித்தால் கூட்டில் இருப்பதும் போய்விடும்.

சரி, சமையலுக்கு வருவோம்.

நம் ஊர்ச் சூட்டில் முதலில் செய்ய வேண்டியது தொண்டைப்பையை எடுப்பது. உள்ளே அத்திப்பழம் நிறைந்திருக்கும், சீக்கிரம் புளித்து இறைச்சியில் வாடை ஏற்றிவிடும். உடம்புச் சூடு இருக்கும்போதே இறகைப் பிடுங்கிவிட வேண்டும். புறாவுக்கு இறகு இளக்கமாகவே இருக்கும், கோழிக்குப் போல வெந்நீர் தேவையில்லை. தோல் மட்டும் மெல்லிசு. நெஞ்சுப்பக்கம் இரண்டு மூன்று இறகாகப் பிடுங்கினால் கிழியாது. மிச்சமிருக்கும் பூமயிரை அடுப்புத் தீயில் காட்டி வாட்டிவிடுங்கள். பிறகு வாலுக்குக் கீழே சின்னதாகக் கீறி, இரண்டு விரலை விட்டு எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்தால் வந்துவிடும். கோழி அறுக்கும்போது பித்தப்பை உடைந்து கசந்துவிடுமோ என்று பயப்படுவோமே, இங்கே அந்தப் பயம் வேண்டாம். புறாவுக்குப் பித்தப்பையே கிடையாது. ஈரலை நிம்மதியாக எடுக்கலாம். இரை அரைக்கும் அந்தக் கெட்டித் தசையை இரண்டாகப் பிளந்து மஞ்சள் தோலை உரித்துவிடுங்கள். பச்சைப்புறாவின் இரைப்பைக்குள் சின்னச்சின்னக் கற்கள் இருக்கும், அத்தி விதைகள் அதில் மாவாக அரைபட்டுக் கிடக்கும். பெர்காம் என்னும் பெரிய புறா அப்படி இல்லை. பழத்தை முழுசாக விழுங்கி, விதையை முழுசாகவே வெளியே தள்ளிக் காட்டில் மரம் வளர்க்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெரியப்பா காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் பார்த்த காணொளியில் நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்தெடுத்து, வெண்ணெயில் இரண்டு புரட்டு புரட்டி, நடுவில் சிவப்பாக இருக்கும்போதே சாப்பிட்டிருப்பார்கள். அந்த ஊர் மரப்புறா அரைக்கிலோ வரும். பயிரைத் தின்று அழிப்பதால் சுட அனுமதிக்கிறார்கள். நம் பச்சைப்புறா நூறு, நூற்றைம்பது கிராம்தான். பெரியம்மா ஒன்றையும் வீணாக்கமாட்டார். கழுத்து, ஈரல், முதுகெலும்பு எல்லாம் சட்டிக்குள் போகும். நடுவில் சிவப்பாக விடுகிற வேலையும் வேண்டாம். பறவையில் என்ன நோய் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது, முழுசாக வேகட்டும்.

மஞ்சள், உப்புப் போட்டுப் பிசறிக் கழுவுங்கள். மிளகு, சோம்பு, சீரகம், நாலு காய்ந்த மிளகாய், இவற்றை வெறும் சட்டியில் வறுத்து அம்மியில் கொரகொரப்பாக அரைப்பார் பெரியம்மா. மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். நல்லெண்ணெயில் கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு. புறாவை நாலாக வெட்டிப் போட்டு, நிறம் மாறியதும் அரைத்ததைப் போட்டு அரைக் குவளைத் தண்ணீர். மூடி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். புறாக்கறி கருஞ்சிவப்பு, பறந்து பறந்து இறுகிய தசை. அவசரப்பட்டு வறுத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் வற்றியதும் மூடியைத் திறந்து எண்ணெய் பிரியும்வரை பெரட்டுங்கள். நாலு புறாவில் ஆறு பேர் சாப்பிட்டோம். ஆளுக்கு ரெண்டு துண்டு, மிச்சச் சோற்றுக்குச் சட்டியில் ஒட்டிய மசாலை. அதைச் சோறு போட்டு வழிப்பதற்குத்தான் எங்களுக்குள் சண்டை. வாதத்துக்கு நல்லது என்று சொல்லிப் பாட்டிக்கு முதல் துண்டு போகும். மருந்தென்று நான் சொல்லமாட்டேன், ஆனால் முதல் துண்டு பாட்டிக்குப் போனது எனக்குப் பிடிக்கும்.

ஒன்றை மறந்துவிட்டேன். ஷா ஆலமில் அடுக்குமாடிக் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாக்களை எக்காரணம் கொண்டும் சட்டியில் போடாதீர்கள். குப்பை தின்று வளர்கின்றன. சில இடங்களில் விஷமும் வைக்கிறார்கள்.

தாத்தாவின் தோட்டத்தில் இப்போது செம்பனைதான். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, ஆற்றோரத்து அத்திமரமும் இல்லை. போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் மகனுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க நினைப்பதற்குக் காட்டுப்புறா தேவையில்லை. வளர்ப்புப் புறாவை உயிரோடு விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் இருவரும் சுங்கை சிப்புட்டுக்கு வாருங்கள், நான் இரண்டு வாங்கி வைக்கிறேன். முதல் பறவையை நான் முடிக்கிறேன். இரண்டாவது உங்களுடையது. பையன் கண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும், அதற்குமேல் அவனை வற்புறுத்த வேண்டாம். அழுதால் அழட்டும். வீட்டில் அம்மி இருக்கிறது. அவனுக்குப் பழைய சட்டை போட்டு அழைத்து வாருங்கள், புறா இறகு துணியில் ஒட்டினால் லேசில் போகாது.

அன்புடன்,
அண்ணன்