அணு உலைக்குள்ள போற பொருளுக்கு என்ன ஆகும்? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். இருபது வருஷமா என் வேலை ஒண்ணே ஒண்ணுதான், கதிர்வீச்சுல அடி வாங்கின உலோகத்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வச்சு பாக்குறது. பொருள் பத்தி என்ன வேணா கேளுங்க. அணுசக்தி வேணுமா வேணாமான்னு சண்டை போடுறதுக்கு வேற இடம் பாத்துக்கோங்க. கேக்குறதுக்கு முன்னாடி மேல இருக்குற பதில்கள ஒரு தடவ படிச்சிருங்க, ப்ளீஸ்.

கடைசி பெஞ்ச்: அக்கா, நியூட்ரான் பட்டா ஸ்டீலுக்கு என்னதான் ஆகுது? எங்க புத்தகத்துல "கதிர்வீச்சு சேதம்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க.

நல்ல கேள்வி தம்பி, இதுலருந்தே ஆரம்பிப்போம். கேரம் போர்ட்ல முதல் அடி அடிக்கிறப்ப காய் எல்லாம் சிதறும்ல, அத மாதிரி நெனச்சுக்கோ, ஆனா போர்டுல காய் நெருக்கமா வரிசையா நிரம்பியிருக்கு. 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றல அளக்குற அலகு) நியூட்ரான் ஒண்ணு இரும்பு அணு மேல நேரா மோதினா அதிகபட்சம் 138 கிலோ எலக்ட்ரான் வோல்ட் குடுக்கும், சராசரியா அதுல பாதி. ஒரு இரும்பு அணுவ அது உக்காந்திருக்குற இடத்துலருந்து கெளப்ப வெறும் 40 எலக்ட்ரான் வோல்ட் போதும். அப்ப மீதி என்ன பண்ணும்? அடி வாங்கின அணு பக்கத்துல இருக்குறத தள்ள, அது அடுத்தத தள்ள, நூத்துக்கணக்குல அணுக்கள் எடம் மாறிரும், இவ்வளவும் சில பிக்கோசெகண்டுக்குள்ள முடிஞ்சிரும். அப்புறம் ஒரு அதிசயம், அதுல மூணுல ரெண்டு பங்கு அணுக்கள் ஏதாவது ஒரு காலி இடத்த தேடி உக்காந்துக்கும். பிரச்சனை மிச்சம் இருக்குற பங்குலதான். காலி இடங்கள் ஒண்ணு சேந்தா உள்ள ஓட்டை விழும், இடம் கெடைக்காத அணுக்கள் ஒண்ணு சேந்தா வளையம் மாதிரி ஒரு தட்டு உருவாகும், அது உலோகத்த வளையவிடாம இறுக்கிரும். இறுகினா உடையும்.

இந்த சேதத்த டிபிஏன்னு ஒரு எண்ல சொல்லுவோம், ஒரு அணு சராசரியா எத்தன தடவ தன் இடத்துலருந்து தள்ளப்பட்டதுங்கிறதுதான் அது. சாதாரண நீர் உலையோட அழுத்தக்கலன் 40 வருஷத்துல வாங்குறது கிட்டத்தட்ட 0.1 டிபிஏ. நியூட்ரான மெதுவாக்காம அப்படியே ஓட்டுற வேக உலைல எரிபொருள மூடியிருக்குற கிளாடிங் குழாய் 100 டிபிஏக்கு மேல வாங்கும், அதாவது ஒவ்வொரு அணுவும் நூறு தடவ உதை வாங்கிட்டும் குழாய் குழாயாவே நிக்கணும்.

நிக்காமயும் போகும். 1967ல ஸ்காட்லாந்துல டூன்ரே வேக உலைலருந்து எடுத்த ஸ்டீலுக்குள்ள குட்டி குட்டி ஓட்டைகள் நெறஞ்சிருந்தத கண்டுபிடிச்சாங்க, அதுக்கு முன்னாடி யாரும் இத எதிர்பாக்கல. 316ங்கிற துருப்பிடிக்காத ஸ்டீல் ஆரம்பத்துல சும்மா இருக்குற மாதிரி இருக்கும், ஒரு கட்டத்துக்கு மேல ஒவ்வொரு டிபிஏக்கும் சுமார் 1 சதவீதம்னு வீங்கிட்டே போகும். அமெரிக்காவோட ஈபிஆர்-2 உலைல இருந்த ஒரு 316 துண்டு கன அளவுல 33 சதவீதம் வீங்கியிருக்கு. வீங்காத துண்ட பக்கத்துல வச்சு எடுத்த ஃபோட்டோவ முதல் தடவ பாத்தப்ப ஏதோ ஏமாத்து வேலைன்னு நெனச்சேன்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, பின்னாடி இது சண்டைல வரும்: டிபிஏங்கிறது கணக்கு போட்டு வர்ற எண், கருவி வச்சு அளந்தது இல்ல. 1975ல போட்ட ஒரு சூத்திரம், அந்த திரும்பி உக்காந்துக்குற அணுக்கள அது கழிக்காது.

இரவுப்பறவை: உருகுநிலை அதிகம் உள்ள டங்ஸ்டன வச்சு உலை பூராவும் கட்டிட்டா பிரச்சனையே இல்லையே?

உருகுநிலைய மட்டும் பாத்து பொருள் தேர்ந்தெடுக்காதீங்க. இத நான் இன்னைக்கு எத்தன தடவ சொல்லப்போறேனோ தெரியல. டங்ஸ்டன் 3422 டிகிரில உருகும், சரி. ஆனா அறை வெப்பத்துல சுத்தி வச்சு தட்டினா பீங்கான் மாதிரி ஒடையும், சில நூறு டிகிரிக்கு மேலதான் கொஞ்சமாவது வளையும். நியூட்ரான் பட்டா அந்த எல்லை இன்னும் மேல ஏறும், போதாததுக்கு டங்ஸ்டனே கொஞ்சம் கொஞ்சமா ரீனியமாவும் ஆஸ்மியமாவும் மாறும். நீங்க வச்ச பொருள் ஒண்ணு, பத்து வருஷம் கழிச்சு உள்ள இருக்குறது வேற ஒண்ணு.

கேள்விக்குறி: எக்ஸ்ரே, காமா கதிர் பட்ட பொருள் அதுவும் கதிர்வீச ஆரம்பிக்குமா?

சாதாரண எக்ஸ்ரேக்கும் கோபால்ட்-60 காமாவுக்கும் ஆகாது. நியூட்ரான் பட்டா ஆகும்.

துருப்பிடிச்சவன்: ஃபுகுஷிமால ஹைட்ரஜன் வெடிச்சதுக்கு சிர்கோனியம்தான் காரணம்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் இன்னும் அதையே கட்டிட்டு அழறாங்க?

எரிபொருள மூடுற கிளாடிங் குழாய் சிர்கோனியம்தான், ஏன்னா நியூட்ரான அது கிட்டத்தட்ட கண்டுக்காது. வெப்ப நியூட்ரான உறிஞ்சுற அளவு சிர்கோனியத்துக்கு 0.18 பார்ன், இரும்புக்கு 2.5 பார்ன் (பார்ன்ங்கிறது அந்த உறிஞ்சலோட அலகு, எண் கூடினா உறிஞ்சுறது கூடும்). வேடிக்கை என்னன்னா தாதுல அது கூடவே ஒட்டிட்டு வர்ற ஹாஃப்னியத்துக்கு 100 பார்னுக்கு மேல, ரசாயனத்துல ரெண்டும் இரட்டப்பிள்ள மாதிரி, பிரிக்கிறதுக்குள்ள உயிர் போயிரும். பிரிச்சு எடுத்துட்டா 300 டிகிரி தண்ணில வருஷக்கணக்குல ஒழுங்கா ஓடும்.

கூலிங் போயி 1200 டிகிரி தாண்டினாதான் வில்லங்கம். நீராவியோட சேந்து எரியுற மாதிரி ஆக்ஸைடாகும், அதுவே சூட்ட குடுக்கும், அந்த சூடு வினைய இன்னும் வேகமாக்கும், ஹைட்ரஜன் வரும். 1979 த்ரீ மைல் ஐலண்ட், 2011 ஃபுகுஷிமா ரெண்டுலயும் இதுதான் நடந்துச்சு. இப்ப மூணு மாற்று ஓடிட்டிருக்கு. சிர்கோனியம் மேல குரோமியம் பூசுறது, சீக்கிரம் வரக்கூடியது இதுதான். இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலவை ஒண்ணு, நீராவிய அருமையா தாங்கும் ஆனா நியூட்ரான தின்னும். சிலிக்கான் கார்பைடு நார் வச்சு நெய்த குழாய் ஒண்ணு, காகிதத்துல ராஜா, ஆனா சூடான தண்ணில மெல்ல மெல்ல கரையுது, குழாயோட ரெண்டு முனையையும் கசியாம மூடுறதே தனி ஆராய்ச்சி. அதுவும் உருகுநிலை மயக்கம்தான், சொல்லிட்டேன்.

தோரியம் தாசன்: தோரியம் உலை வந்தா எல்லாம் சரியாயிடுமாமே, ஏன் மறைக்கிறாங்க?

யாரும் மறைக்கல. தோரியம்னா எல்லாரும் பேசுறது உருகின உப்புல ஓடுற உலையதான். என் பக்கத்துலருந்து பாத்தா, அத அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ்ல 1965லருந்து 1969 வரைக்கும் ஓட்டிக் காட்டியாச்சு, கடைசில தோரியத்துலருந்து கெடைக்குற யுரேனியம்-233லயும் ஓடுச்சு. குழாய்க்கு ஹேஸ்டெல்லாய்-என்னு ஒரு நிக்கல் கலவை. பிளவுல உண்டான டெல்லூரியம் அதோட பரல் எல்லைகள்ல (உள்ள இருக்குற குட்டி குட்டி படிகங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற இடம்) புகுந்து மேல்பரப்புல வெடிப்பு விட்டுச்சு, நியூட்ரான் பட்டு உள்ள உண்டான ஹீலியம் இன்னொரு பக்கம் அத உடையுற பொருளா ஆக்குச்சு. முப்பது வருஷம் தாங்குற குழாய் குடுங்க, உப்பு உலை பத்தி அப்புறம் பேசலாம்.

பரல் எல்லை: மேடம், நான் பிஎச்டி ரெண்டாவது வருஷம். பல உலோகங்கள கிட்டத்தட்ட சம அளவுல கலக்குற ஹை என்ட்ரோபி அலாய்ல வேலை. எங்க கோபால்ட்-குரோமியம்-இரும்பு-மாங்கனீஸ்-நிக்கல் கலவை 100 டிபிஏ வரைக்கும் வீங்கவே இல்ல! உலைக்கு போடலாமா?

மொதல்ல வாழ்த்துக்கள், 2004ல வந்த ரெண்டு கட்டுரைகளுக்கு அப்புறம் இந்த ஃபீல்டே தலைகீழா மாறினது உண்மை. ஆனா அந்த அஞ்சுல முதல் பேர பாருங்க. கோபால்ட். உலைக்குள்ள போனா கதிர்வீசுற கோபால்ட்-60 ஆயிரும், அரை ஆயுள் 5.27 வருஷம். நாங்க சாதா ஸ்டீல்லயே கோபால்ட பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கணக்குல எண்ணி விரட்டுறோம், நீங்க அஞ்சுல ஒரு பங்கு போட்டிருக்கீங்க. ஃப்யூஷன் (அணு இணைவு) உலைக்குன்னே செஞ்ச யூரோஃபர்-97 ஸ்டீல்ல மாலிப்டினத்தையும் நியோபியத்தையும் கூட எடுத்துட்டு டங்ஸ்டனும் டாண்டலமும் போட்டது இந்த ஒரே காரணத்துக்காக.

அடுத்து, அந்த 100 டிபிஏ எங்கருந்து வந்துச்சு? உலைல வைக்காம, முடுக்கின அயனிகள பாய்ச்சி சேதம் பண்ற அயனி பீம்தானே?

அயனி அன்பன்: குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும் மேடம். "அயனி பீம்தானே"ன்னா என்ன அர்த்தம்? நாங்க 28 மணி நேரத்துல 100 டிபிஏ போடுறோம். வேக உலைல அதுக்கு மூணு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவும் சோதனை பண்ண உலை எங்க இருக்கு? அமெரிக்காவோட எஃப்எஃப்டிஎஃப் வேக உலைய 1992ல நிப்பாட்டியாச்சு, ஈபிஆர்-2 1994ல, ஆசிரிஸ் 2015ல, ஹால்டன் 2018ல. நாங்க இல்லன்னா உங்க ஃபீல்டே இல்ல.

உலைகள் மூடினது எனக்கும் வயித்தெரிச்சல்தான் சார். ஆனா நீங்க சொன்ன அந்த வேகம்தான் பிரச்சனையே. ஆயிரம் மடங்கு வேகமா அடிச்சா காலி இடங்களுக்கு நகர்ந்து போயி ஒண்ணு சேர நேரம் கெடைக்காது, அத ஈடுகட்ட வெப்பத்த பல டிகிரி ஏத்தி அடிக்கிறீங்க, எவ்வளவு ஏத்தணும்ங்கிறது பொருளுக்கு பொருள் மாறும். 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் இரும்பு அயனி உள்ள போறதே ஒண்ணரை மைக்ரான் வரைக்கும்தான், ஒரு பக்கம் மேல்பரப்பு காலி இடங்கள உறிஞ்சுது, மறு பக்கம் அயனியே வந்து உக்காந்து ஓட்டைய அடைக்குது. நடுவுல கொஞ்சூண்டு இடம்தான் நம்பலாம். ஹீலியம் வேற கெடையாது.

அயனி அன்பன்: ஹீலியத்துக்கு ரெண்டாவது பீம் இருக்கு, ஹைட்ரஜனுக்கு மூணாவதும் இருக்கு. 2014ல வந்தத நீங்க படிக்காம இருக்க மாட்டீங்க. எஃப்எஃப்டிஎஃப்ல 443 டிகிரில 155 டிபிஏ வாங்கின அதே எச்டி-9 ஸ்டீல எடுத்து, ஹீலியம் முன்கூட்டியே ஏத்தி, 460 டிகிரில 188 டிபிஏ அயனி அடிச்சாங்க. ஓட்டை, வளையம், வீழ்படிவு எல்லாம் நல்லாவே ஒத்துப்போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

படிச்சிருக்கேன், நல்ல வேலை, என் மாணவர்களுக்கும் குடுப்பேன். ஆனா நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு பாருங்க. உலை என்ன விடை குடுத்துச்சுன்னு கைல வச்சுக்கிட்டு, அதே விடை வர்ற வெப்பமும் டோஸும் எதுன்னு தேடினாங்க. வினாத்தாளோட விடைத்தாளும் இருந்துச்சு. இந்த பொண்ணோட புது கலவைக்கு விடைத்தாள் எங்க இருக்கு? 460ல அடிக்கணுமா 520ல அடிக்கணுமான்னு யார் சொல்றது? தப்பான வெப்பத்துல அடிச்சா எந்த அலாயும் வீங்காதுதான்.

அயனி அன்பன்: அது நியாயம். ஆனா பத்து கலவைல எட்ட கழிச்சு கட்டவாவது பீம் வேணுமே. பத்தையும் உலைல போட்டு பேரப்பிள்ளை காலத்துல ரிசல்ட் பாக்க முடியுமா?

கழிச்சு கட்டுறதுக்குன்னா நான் ரெண்டு கையெழுத்தும் போடுறேன். அத தேர்ச்சி சான்றிதழா நீட்டுறப்பதான் எனக்கு கோவம் வருது. நானே வாங்கின அடி அது. வேலைக்கு சேந்த புதுசுல ஒரு பீம்லைன்ல அடிச்ச சாம்பிள்ல வீக்கமே இல்ல, ஒரே கொண்டாட்டம், கட்டுரை பாதி எழுதியாச்சு. அப்புறம் பாத்தா தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்குற கம்பி) சாம்பிள்ல இல்லாம ஹோல்டர்ல ஒட்டியிருந்துச்சு, நெஜ வெப்பம் அறுபது டிகிரி தள்ளி இருந்திருக்கு. எட்டு மாச வேலை குப்பைக்கு போச்சு.

இணைவு ரசிகை: அப்ப ஃப்யூஷன் உலைக்கு எந்த பொருளுமே சோதிக்கப்படலையா?

அந்த நியூட்ரானோட, தேவையான டோஸ்ல, இல்ல. ஃப்யூஷன் நியூட்ரான் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட், ஸ்டீல்ல ஒரு டிபிஏக்கு பத்து லட்சம் அணுவுக்கு சுமார் பத்து ஹீலியம் அணு உண்டாகும். வேக உலைல அது ஒண்ணுக்கும் கீழ. அந்த மாதிரி நியூட்ரான வேணுங்கிற அளவுக்கு குடுக்குற கருவி இன்னும் ஓடல. ஸ்பெயின்ல கிரனாடா பக்கம் ஐஎஃப்எம்ஐஎஃப்-டோன்ஸ்னு ஒண்ணு கட்டுறாங்க, 40 மெகா எலக்ட்ரான் வோல்ட் டியூட்ரான் பீம், 125 மில்லியாம்பியர், ஓடிட்டிருக்குற திரவ லித்தியம் மேல அடிக்கணும். சுவர் பொருள் விஷயத்துல, ஃபிரான்ஸ்ல கட்டிட்டிருக்குற ஐட்டர் ஃப்யூஷன் உலைக்காரங்களே 2023ல பெரிலியத்துலருந்து டங்ஸ்டனுக்கு மாறினாங்க.

மின்னல் வேகம்: அப்ப டங்ஸ்டன்தான் பெஸ்ட்னு ஐட்டரே சொல்லிட்டாங்கல்ல? உருகுநிலை அதிகம்னுதானே?

இல்ல. மேல இரவுப்பறவைக்கு சொன்ன பதில் பாருங்க. டங்ஸ்டன் சீக்கிரம் அரிக்காது, ட்ரிடியத்த (ஃப்யூஷனுக்கு எரிபொருளான கதிரியக்க ஹைட்ரஜன்) அதிகம் பிடிச்சு வச்சுக்காது, இந்த ரெண்டும் பெரிய காரணம். கார்பன கைவிட்டதே ட்ரிடியத்த அது பஞ்சு மாதிரி உறிஞ்சினதாலதான்.

சாம்பல்: அணுக்கழிவ கண்ணாடியா மாத்துறாங்களாம். கண்ணாடி எத்தன காலம் தாங்கும்? பாறை மாதிரி செஞ்சா நல்லா இருக்காதா?

பாறைதான் எனக்கும் பிடிக்கும். ரிங்வுட்னு ஒரு ஆஸ்திரேலிய புவியியலாளர் 1978ல சின்ராக்னு அததான் சொன்னார், இயற்கைல கதிரியக்க தனிமங்கள உள்ள பூட்டி வச்சிருக்குற கனிமங்கள நாமளே செய்யலாம்னு. ஆனா பாறைக்குள்ளயும் அடி விழும். கழிவுல இருக்குற அணுக்கருலருந்து ஆல்ஃபா துகள் வெளிய போறப்ப மிச்ச அணுக்கரு துப்பாக்கி மாதிரி பின்னாடி உதைக்கும், அந்த உதைல பல நூறு அணு எடம் மாறும். யுரேனியம் கலந்த பழைய சிர்கான் படிகங்கள் கோடிக்கணக்கான வருஷத்துல படிக அமைப்பே தொலஞ்சு கன அளவுல 18 சதவீதம் வரைக்கும் வீங்கியிருக்கு. ஆக, இயற்கை நமக்கு முன்னாடியே சோதனை போட்டு வச்சிருக்கு, வேகம் மாத்தாம, அசல் நேரத்துல. (அயனி அன்பன் சார் கவனிக்க.) கண்ணாடி ஜெயிச்சது பெரும்பாலான தனிமங்கள கரச்சுக்கும், பெரிய அளவுல செய்றது சுலபம்ங்கிறதால.

நிழல்: புளூட்டோனியம் பாகங்கள எப்படி வார்த்து...

இதுக்கு இங்க பதில் கெடையாது. அடுத்து.

புதியவன்: காமா கதிர் பட்ட சாமான தொடலாமா? அதுவும் கதிர் விடுமா?

மேல.

தோரியம் தாசன்: மேடம், குழாய் பிரச்சனைய கிராஃபீன் பூசி சரி பண்ணலாம்ல? அதோட உருகுநிலை

வேணாம்.

பரல் எல்லை: மேடம், கோபால்ட் இல்லாத கலவைக்கு மாறிடலாம்னு கைடு கிட்ட பேசிட்டேன். ஆனா இருக்குற 100 டிபிஏ சாம்பிள் மொத்தமா வீணா?

வீணில்லமா. மேல்பரப்புலருந்து பாக்காம குறுக்கா வெட்டி எடுங்க, ஆழம் தெரியணும். முதல் நூறு இருநூறு நானோமீட்டரையும் கடைசி அரை மைக்ரானையும் விட்டுருங்க, நடுவுல இருக்குறத மட்டும் எண்ணுங்க. பீம ஸ்கேன் பண்ணி அடிச்சீங்களா, விரிச்சு நிப்பாட்டி அடிச்சீங்களாங்கிறத எழுதுங்க, ஸ்கேன் பண்ணா ஓட்டை வளர்றது அமுங்கிரும். சேம்பர்லருந்து கார்பன் உள்ள ஏறியிருக்கான்னும் பாருங்க, அதுவும் வீக்கத்த மறைக்கும். அதே பொருள்ல இன்னும் ரெண்டு மூணு வெப்பத்துல அடிக்க நேரம் கெடைச்சா அடிங்க, அயனி அன்பன் சார் பீம் நேரம் குடுப்பார்னு நெனைக்கிறேன்.

அயனி அன்பன்: குடுக்குறேன். ஆனா அக்டோபருக்கு அப்புறம்தான்.

சரி. படங்கள அனுப்புறப்ப தெர்மோகப்பிள் எங்க ஒட்டியிருந்துச்சுன்னு சேத்து அனுப்புங்க.